பாதி வேலி

தெரெக்சாய்
9 மார்ச் 2003

தங்கை ரிஸ்திக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, நரித்தோல் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவதென்று முடிவு செய்தேன். கடந்த முப்பது ஆண்டுகளில் ஏப்ரல் பிறக்கும் முன் இந்தத் தலை தொப்பியில்லாமல் வாசலைத் தாண்டியதில்லை என்பது உனக்குத் தெரியும். முடிவை முதலில் உல்பிகேயிடமும், அடுத்து மகன் தல்கத்திடமும், மாலையில் கோக்பார் குழுத் தலைவரிடமும் நேரில் தெரிவித்தேன். உனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கிறேன். செய்தியின் முக்கியத்துவம் கருதி நலம் விசாரிப்பை இரண்டாம் பத்திக்குத் தள்ளியிருக்கிறேன்.

மந்தை நலம். மக்களும் நலம். அல்மாத்தியில் உனக்கு மந்தை கிடையாது. நீயாவது நலமாக இரு.

தொப்பி கழற்றியதற்குக் காரணம் வெயில். வேறு காரணம் காதில் விழுந்தால் நம்பாதே.

இரண்டாம் தேதி நடந்த கோக்பார் ஆட்டத்தைப் பற்றியும் ஏதாவது காதில் விழுந்திருக்கும். கடைசி நிமிடத்தில் நம் ஊர்க் குதிரை வீரர்கள் ஆட்டுடலைப் பறித்து வந்து இடப்பக்கக் கோல் தொட்டியில் போட்டார்கள் என்று நானூறு பேர் சொல்கிறார்கள். போடவில்லை என்று நான் சொன்னேன். நடுவர் நான். எனவே பக்கத்து ஊர் கும்தாஸ் ஒரு புள்ளியில் வென்றது. நம் ஊர் நடுவர் நம் ஊருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது இந்த மாவட்டத்தில் இதுவே முதல் முறை. மக்களுக்குப் பழக வேண்டாமா?

இன்னொரு சிறு விஷயம். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவர் கண்ணுக்கு முன்னால் சில சமயம் காற்றில் ஒரு வேலி மினுங்குகிறதாம். பிறகு இடப்பக்கம் கொஞ்ச நேரம் காணாமல் போகிறதாம். உன் மருத்துவமனையில் இதைப் பற்றிப் புத்தகம் ஏதும் இருந்தால் பார். அவசரமில்லை. இந்த வாரத்திலேயே தெரிந்தால் போதும்.

கடிதமாகவே எழுது. தபால் நிலைய போனில் பேசினால் ஆபரேட்டரம்மாவுக்குத்தான் முதலில் குணமாகும்.

உன் அண்ணன்,
ஜானுசாக்

---

அல்மாத்தி
17 மார்ச் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

மந்தையும் அண்ணியும் தல்கத்தும் சுகம் என்று நினைக்கிறேன். தொப்பிச் செய்தி கிடைத்தது. எங்கள் மருத்துவமனைப் பதிவு ஜன்னலில் அதை யாரிடமும் சொல்லாமல் அடக்கிவைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்து, ரகசியம் காக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

உங்கள் விஷயத்தை நரம்பு டாக்டர் வேரா செம்யோனோவ்னாவிடம் கேட்டேன். கொரியக்காரம்மா. சிரிக்க மாட்டார், ஆனால் சிரிக்க வைப்பார்.

"யாருக்கு?" என்றார்.

"எங்க அண்ணனோட நண்பருக்கு."

"நண்பருக்கா? இந்த வருஷம் நண்பருக்காகக் கேட்டு வந்தவங்க நாப்பது பேர். ஒரு நண்பர்கூட இதுவரை நேர்ல வந்ததில்ல."

பிறகு கேள்விகள் கேட்டார். நண்பரிடம் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். அந்த வேலி ஒரே அடியாக வந்து நிற்கிறதா, இல்லை சின்னதாகத் தொடங்கி வளர்கிறதா? எத்தனை நிமிடம்? ஒரு கண்ணை மூடினாலும் தெரிகிறதா? விரலிலோ உதட்டிலோ எறும்பு ஊர்கிறதா? வேலி போன பிறகு தலை வலிக்கிறதா? வேலி வருவதற்கு முதல் நாள் உடம்பில் ஏதாவது வித்தியாசம் உண்டா? எந்த வயதில் முதன்முதலாக வந்தது? என்ன மாத்திரை, மாதத்தில் எத்தனை நாள்?

கடைசி இரண்டுக்கும் பதில் அவசியம் என்று அடிக்கோடு போடச் சொன்னார். போட்டிருக்கிறேன்.

எனக்கு உடம்பு சுகம்தான். பதின்மூன்றாம் தேதியே எழுதியிருக்க வேண்டும். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. வேறொன்றுமில்லை.

அன்புடன்,
ரிஸ்தி

---

தெரெக்சாய்
30 மார்ச் 2003

தங்கை ரிஸ்திக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே ஆடுகள் ஈன்றுகொண்டிருக்கின்றன, இதுவரை முப்பத்தோரு குட்டிகள். மனிதர்கள் எண்ணிக்கையில் மாற்றமில்லை.

நண்பரை விசாரித்தேன். முதலில், பார்க்கும் இடத்தின் நடுவே ஒரு சின்னப் புள்ளி, சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரிகிற மாதிரி. அது வளர்ந்து, கோணல் மாணலாக மினுங்குகிற வேலியாகி, அரிவாள் போல வளைந்து, இடப்பக்கமாக நகர்கிறது. நகர்ந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒரு கண்ணை மூடினாலும் இருக்கும், இரண்டையும் மூடினாலும் இருக்கும். போன தடவை இருபத்தைந்து நிமிடம் பதினான்கு நொடி. பிறகு வலப்பக்க நெற்றியில் யாரோ லாடம் அடிக்கிறார்கள். இரண்டு தடவை இடது கையில் எறும்பு ஊர்ந்து, உதடு வரை வந்தது. முதல் நாள் வித்தியாசம் எதுவும் இல்லை. அவர் மனைவி மட்டும், "நேத்து முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடிட்டே இருந்தீங்க" என்கிறாளாம். பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அடிக்கோடு போட்ட இரண்டு கேள்விகளுக்கும் நண்பர் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.

நவ்ரூஸ் புத்தாண்டு விருந்து நன்றாக நடந்தது. பன்னிரண்டு விருந்தினர். கறி மென்மையாக இருந்தது. வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
ஜானுசாக்

---

தெரெக்சாய்
6 ஏப்ரல் 2003

ரிஸ்திக்கு உன் அண்ணி உல்பிகே எழுதுவது. நீ சுகமா? உன் அண்ணன் கொட்டகையில் இருக்கிறார், அதனால் வேகமாக எழுதுகிறேன். பஸ் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதில் எழுதினால் என் பெயருக்கு எழுதாதே, எழுதாமலும் இருக்காதே.

நவ்ரூஸ் விருந்து நன்றாக நடந்தது என்று எழுதியிருப்பாரே? நடந்ததைக் கேள். ஆட்டுத் தலையைத் தட்டில் வைத்து, வழக்கம்போல அவர் முன்னால் வைத்தேன். கத்தியை எடுக்கவில்லை. தட்டை அப்படியே மகன் பக்கம் தள்ளினார்.

"அறு" என்றார்.

தல்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, நீங்க இருக்கீங்களே" என்றான்.

"இருக்கேன். தெரியுது. அறு."

அப்பன் உயிரோடிருக்க மகன் ஆட்டுத் தலையில் கத்தி வைப்பதை நீ எங்காவது கேட்டிருக்கிறாயா? பன்னிரண்டு பேரும் வாயில் போட்ட கறியை மெல்லவில்லை. கடைசியில் மாட்டு டாக்டர் கோஜபெக், "மணிக்கட்டுல வலியா ஜானுசாக்?" என்று கேட்டுக் காப்பாற்றினார். "ஆமா, மணிக்கட்டு" என்றார் இவர். தலையை யாரும் அறுக்கவில்லை. ஆறிப்போய் உள்ளே போனது.

இரண்டாவது செய்தி. ஆணியில் மாட்டின தொப்பியைத் தூசி தட்ட எடுத்தேன். உள்துணியிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எல்லாம் தலைவலிக்குப் போடுகிற சித்ரமோன் மாத்திரையின் காலிப் பட்டைகள். எண்ணினேன், இருபத்தேழு. ஒரு பட்டைக்குப் பத்து மாத்திரை. தொப்பியை ஏன் கழற்றினார் என்று இப்போது புரிகிறது. சீப்பு பட்டாலே "ஐயோ" என்கிற தலையில் தொப்பி எப்படி நிற்கும்?

மூன்றாவது. கும்தாஸ்காரர்களிடம் இவர் ஒரு பெட்டைக் குதிரை வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. தினம் இரண்டு பேர் வந்து கொட்டகையை எட்டிப் பார்க்கிறார்கள். குதிரை இல்லை என்று பார்த்ததும், "எவ்வளவு சாமர்த்தியமா ஒளிச்சிருக்கான்" என்று முன்பைவிட மரியாதையாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். இவரும் மறுப்பதில்லை.

வரும் மே மாதம் அவருக்கு ஐம்பத்திரண்டு முடிகிறது. உங்கள் அப்பா போனது எந்த வயதில் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உல்பிகே

---

அல்மாத்தி
14 ஏப்ரல் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

முப்பத்தோரு குட்டிகளும் சுகம்தானே? எனக்கு அங்கிருந்து யாரும் எதுவும் எழுதவில்லை, யாரும் எந்தப் பஸ்ஸிலும் எதையும் கொடுத்தனுப்பவில்லை. நானாக யோசித்து எழுதுகிறேன்.

"பதினான்கு நொடி" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மாவட்டத்தில் நிறுத்துக்கடிகாரம் யாரிடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியும் அண்ணா. அதை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

நண்பரின் பதில்களைப் படித்துவிட்டு வேரா செம்யோனோவ்னா சொன்னது இது. பெயர் ஒற்றைத் தலைவலி. ஆனால் அது ஒரே ஆள் இல்லை, ஒரு குடும்பம். சிலருக்கு முன்னறிவிப்பாக வேலி, மின்னல், எறும்பு, பேச்சுக் குழறல் எல்லாம் வந்து, பிறகு வலி வரும். நண்பர் இந்த வகை. சிலருக்கு வேலி மட்டும் வரும், வலியே வராது. எங்கள் ஜன்னலுக்கு வருகிற கணக்கு வாத்தியார் அப்படி. டிராலிபஸ் நடத்துநர் ஒருத்திக்கு உலகம் சுற்றும், வாந்தி வரும், தலை பெரிதாக வலிக்காது; அவளும் இந்தக் குடும்பம்தான். பெரும்பாலானவர்களுக்கு வேலி கீலி எதுவும் கிடையாது. நேரே வலி, வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, சமையல் வாசனை ஆகாது. மாதம் ஒருமுறை, இரண்டு நாள், என்று தேதி வைத்து வருகிற பெண்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இவையெல்லாம் வேறு, பக்கவாதம் வேறு. ஆனால் ஐம்பது தாண்டி முதன்முறையாக வந்தால் இதுதான் என்று கடிதத்தில் சொல்லக் கூடாதாம், நேரில் பார்க்க வேண்டுமாம். அதனால்தான் வயதைக் கேட்டார். கிளம்பி வாருங்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உங்கள் இருவருக்கும் ஒரே படுக்கை போதும்.

அன்புடன்,
ரிஸ்தி

---

தெரெக்சாய்
25 மே 2003

தங்கை ரிஸ்திக்கு,

ஆறு வாரம் பதில் எழுதவில்லை. மந்தையை மேய்ச்சல் மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அது நான்கு நாள் வேலை. மீதி நாட்களுக்கு என்னிடம் காரணம் இல்லை.

நண்பர் இனி வேண்டாம். நான்தான்.

கோஜபெக்கிடம் போனேன். மாடுகளுக்கு மட்டுமல்ல, ஓய்வுபெற்ற பிறகு மனிதர்களுக்கும் பார்க்கிறார். நூலால் என் தலையைச் சுற்றி அளந்து, நெற்றியில் கரியால் கோடு போட்டு, நூலை மடித்துப் பார்த்து, "மூளை இடப்பக்கம் ரெண்டு விரல் நகர்ந்திருக்கு" என்றார். தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டினார். சல்லடை விளிம்பைப் பல்லில் கடிக்கச் சொல்லி, சல்லடையைக் கரண்டிக் காம்பால் தட்டினார். மறுபடி அளந்தார். "இப்ப ஒண்ணரை விரல்" என்றார். ஒரு பல் ஆடுகிறது. மூளையைப் பற்றி வேறு தகவல் இல்லை.

நான் அல்மாத்திக்கு வந்தால், ஏன் போனான் என்று ஊர் கேட்கும். லஞ்சம் வாங்கியவன் என்றால் ஊர் திட்டும், ஆனால் நடுவராகவே வைத்திருக்கும். பாதி உலகம் தெரியாதவன் என்றால் பரிதாபப்படும், குதிரையிலிருந்து இறக்கிவிடும். குதிரையிலிருந்து இறங்கி நான் என்ன செய்வது?

ஆனால் வராததற்கு அது மட்டும் காரணமில்லை. இதை உல்பிகேயிடமும் சொன்னதில்லை. அப்பா போன அன்று காலை அவரோடு இருந்தது நான். வேலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தோம். அவர் குனிந்திருந்தவர் நிமிர்ந்து, "ஜானுசாக், வேலியில பாதியைக் காணோம்டா" என்றார். நான், "கும்தாஸ்காரன் தூக்கிட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கம்பி கையிலிருந்து நழுவியது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

மார்ச் இரண்டாம் தேதி ஆட்டம் நடக்கும்போது, என் குதிரை மேல் உட்கார்ந்தபடி, இடப்பக்கத் தொட்டியைக் காணோம் என்று பார்த்தேன். நானூறு பேர் கத்துகிறார்கள். எனக்கு அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. டாக்டரம்மா என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்க அறுநூறு கிலோமீட்டர் எதற்கு?

இந்தப் பத்தொன்பதாம் தேதி ஐம்பத்திரண்டு முடிந்தது, அப்பா போன வயது. உல்பிகே பலகாரம் செய்தாள்.

அண்ணன்

---

அல்மாத்தி
2 ஜூன் 2003

அண்ணா,

சுகம் விசாரிக்கப் போவதில்லை. ஜூன் பதினாறு, திங்கள், காலை பத்து நாற்பது. ஜன்னலில் இருப்பவள் நான் என்பதால் உங்கள் பெயரை அடிக்க யாராலும் முடியாது.

உங்களுக்கு மட்டும்தான் சொல்லாத விஷயம் இருக்கிறதா? பதினான்கு வயதிலிருந்து மாதம் இரண்டு நாள் எனக்கு வலப்பக்கத் தலை வெடிக்கிறது. "ஒற்றைத் தலைவலின்னா குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?" என்று வேரா செம்யோனோவ்னா போன மாதம் கேட்டார். "இல்லை" என்றேன். எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னேன். சொல்லும்போது ஒரு கையால் கண்ணை மூடியிருந்தேன். அவர் எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

நீங்கள் வந்தால் நானும் அவரிடம் நோயாளி அட்டை போட்டுக்கொள்கிறேன். வராவிட்டால் மாட்டேன். என் தலை உங்கள் பொறுப்பு.

ரிஸ்தி

---

அல்மாத்தி
19 ஜூன் 2003

அன்புள்ள அண்ணிக்கு,

மந்தையும் நீங்களும் சுகமாக இருங்கள். இனி ஒளித்து எழுதத் தேவையில்லை, அண்ணனே இதைக் கையில் கொண்டு வருகிறார். பஸ்ஸில் பிரித்துப் படிப்பார். படிக்கட்டும்.

அண்ணன் உள்ளே போனதும் நாற்காலியில் உட்காரவில்லை. "எவ்வளவு நாள்?" என்றார்.

"எதுக்கு எவ்வளவு நாள்?" என்றார் டாக்டர்.

"எனக்கு."

"முதல்ல உட்காருங்க. நின்னுக்கிட்டிருக்கிறவங்களுக்கு நான் நாள் சொல்றதில்ல."

பென்சிலைக் கையில் கொடுத்து, கண்ணில் தெரிவதை வரையச் சொன்னார். அண்ணன் நடுவர் அறிக்கை எழுதுகிற சிரத்தையோடு வரைந்தார். கோணல் வேலி, அரிவாள் வளைவு, உள்ளே வெறுமை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். ஒரு கட்டு காகிதம். கணக்கு வாத்தியார் வரைந்தது, ரொட்டிக்கடைக்காரி வரைந்தது, விமானப் படையில் இருந்த ஒருவர் அளவுகோல் வைத்து வரைந்தது. எல்லாரும் அண்ணனின் வேலியையே வரைந்திருந்தார்கள், அண்ணி. ஒரே கம்பி, ஒரே கோணல்.

அண்ணன் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இவங்க எல்லாம் இருக்காங்களா?"

"ஒருத்தர் போயிட்டார். எண்பத்தொன்பது வயசு. மூணாவது கல்யாணத்துக்கு அப்புறம்."

அப்போதுதான் உட்கார்ந்தார்.

முதல் வேலி எப்போது என்று கேட்டார் டாக்டர். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ராணுவத்தில், பத்தொன்பது வயதில், காவல் நிற்கும்போது என்றார். பனியில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்று நினைத்தாராம். அதன்பிறகு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. முப்பத்து மூன்று வருடம் பனி மேல் பழி போட்டிருக்கிறார், ஜூலையில் வந்ததற்கும் சேர்த்து. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இதை ஏப்ரல்லயே எழுதியிருந்தா நானும் ரெண்டு மாசம் நிம்மதியா தூங்கியிருப்பேன்" என்றார்.

பிறகு அப்பாவைப் பற்றி அண்ணன் சொன்னார். சிரித்ததையும் சொன்னார். எனக்குக் கடிதத்தில் தெரியும், இருந்தாலும் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

"அப்பாவுக்கு அந்தப் பாதி எவ்வளவு நேரத்துல போச்சு?"

"நிமிர்ந்தார். போச்சு. ஒரு நொடி."

"உங்களுக்கு?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"அதுதான் வித்தியாசம். இது புள்ளியா ஆரம்பிச்சு ஊர்ந்து வரும், மினுங்கும், வந்த வழியே போயிடும். அது ஊராது, மினுங்காது. வெட்டின மாதிரி வரும், கையைக் காலைச் சேர்த்து இழுத்துட்டுப் போகும். நீங்க சிரிச்சதால எந்த ரத்தக்குழாயும் அடைக்கல. அழுதிருந்தாலும் திறந்திருக்காது."

அண்ணன் வெகு நேரம் தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கதை இருப்பதாலும், வேலி வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்பதாலும், ரத்த அழுத்தம் பார்த்தார், தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நேற்று முடிவு வந்தது. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கோஜபெக் சொன்ன ஒன்றரை விரலைத் தேடினேன், காணவில்லை. நாக்கடியில் வைக்கிற புகையிலைத் தூளை மட்டும் இன்றோடு விட வேண்டும்.

மாத்திரைதான் பெரிய குற்றவாளி. இருபத்தேழு பட்டை என்று நான் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மாதத்தில் பத்து நாளுக்கு மேல் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். மருந்தின் வேகம் குறையக் குறைய தலை அடுத்தது கேட்கும். வருடத்துக்கு இரண்டு தடவை வந்த வலி இந்தக் குளிர்காலத்தில் தினம் வந்தது அதனால்தான். நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று வாரம் மோசமாக இருக்கும், திட்டுவார், விடுங்கள். அதற்குப் பதிலாக டாக்டர் வேறு மருந்து கொடுத்திருக்கிறார், வலி தொடங்கும்போது ஒன்று. வலி வரும் நாளையும் மருந்தையும் நோட்டு ஒன்றில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு ஒரு வேலை. "முதல் நாள் ஏதாவது வித்தியாசம் உண்டா?" என்று டாக்டர் மறுபடி கேட்டபோது அண்ணன், "ஒண்ணுமில்ல" என்றார். நான் உங்கள் வார்த்தையைச் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து, "அந்தம்மாவை நான் வேலைக்கு எடுத்துக்கலாம்" என்றார். கொட்டாவிதான் எச்சரிக்கை. காரணமில்லாமல் கொட்டாவி, இனிப்புக்கு ஆசை, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல். இவை வந்தால் மறுநாள் வேலி வரலாம். எரிச்சலை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், அது அண்ணனுக்கு எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரே நிமிடத்தில் உச்சிக்கு ஏறுகிற வலி, இதுவரை வராத மாதிரி வலி, காய்ச்சலோடு கழுத்து வளையாத வலி, கையோ காலோ விழுவது, வாய் கோணுவது, ஒரு மணி நேரம் தாண்டியும் போகாத வேலி. இதில் எது வந்தாலும் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். வண்டியைப் பிடியுங்கள்.

நானும் அட்டை போட்டுக்கொண்டேன். என்னுடையது தேதி வைத்து வருகிற வகை. மருந்து உண்டாம். இருபத்திரண்டு வருடமாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மருந்து இருந்திருக்கிறது.

அன்புடன்,
ரிஸ்தி

---

தெரெக்சாய்
27 ஜூலை 2003

தங்கை ரிஸ்திக்கு,

மந்தை கொழுத்திருக்கிறது. நான் நலம். இந்த வார்த்தையை இதுவரை நான் சரிபார்க்காமல் எழுதிவந்திருக்கிறேன். இந்தத் தடவை நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

மாத்திரையை நிறுத்திய முதல் பதினெட்டு நாள்கள் பற்றி உல்பிகே எழுதுவாள். நான் எழுதினால் நீ நம்ப மாட்டாய், அவள் எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்தொன்பதாம் நாள் காலை எழுந்தேன். தலை இருப்பது தெரியவில்லை. கொட்டகை வரை நடந்து, திரும்பி வந்து, உல்பிகேயிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு கோக்பார் குழுவுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மார்ச் இரண்டாம் தேதி எனக்கு இடப்பக்கத் தொட்டி தெரியவில்லை, புள்ளி தெரெக்சாய்க்குச் சேர வேண்டியதாக இருக்கலாம், ஆட்டத்தை மறுபடி நடத்துங்கள் என்றேன்.

தலைவர் முதலில் கேட்டது, "அப்ப குதிரை?"

"குதிரை இல்ல."

"இல்லவே இல்லையா?"

"இல்ல."

"உன்னைப் பத்தி எவ்வளவு பெருமையா நெனச்சிட்டிருந்தோம்" என்றார் அவர். குரலில் உண்மையான வருத்தம். கும்தாஸ்காரர்களுக்கும் வருத்தம்தான். குதிரை கொடுத்து ஜெயித்தோம் என்பதில் அவர்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. நடுவருக்குக் கண் தெரியாததால் ஜெயித்தோம் என்பதில் என்ன இருக்கிறது?

என்னை நீக்குவது பற்றிக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. முடிவு எடுக்கவில்லை. கலைந்த பிறகு தலைவர் என்னைச் சுவரோரம் கூட்டிப்போய், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். பேர் வேண்டாம். அவருக்கும் காத்துல ஏதோ மினுங்குதாம்" என்றார். மறுநாள் பொருளாளர் வந்தார், அவருக்கும் ஒரு நண்பர். வியாழக்கிழமை கோஜபெக்கே வந்தார், தன் நூலோடு. நண்பருக்கு உலகம் சுற்றுகிறதாம்.

அடுத்த கூட்டத்தில் நடுவரை நீக்கும் தீர்மானத்தை முன்மொழிய ஆள் இல்லை. தொட்டிக்கு ஒரு கொடிக்காரர் வைப்பது, எனக்கு வேலி தொடங்கினால் நான் விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்துவது என்று முடிவானது. மறு ஆட்டம் செப்டம்பர் பதினான்கு.

மூன்று நண்பர்களின் கேள்விகளையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வேரா செம்யோனோவ்னாவிடம் கேட்டு எழுது. உன் அட்டையில் இந்த மாதம் என்ன எழுதியிருக்கிறது?

அண்ணன்,
ஜானுசாக்

---

அல்மாத்தி
8 ஆகஸ்ட் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

மந்தையும் மூன்று நண்பர்களும் சுகமாக இருக்கட்டும். அவர்களை நேரில் வரச் சொல்லுங்கள். டாக்டர் இழுப்பறையில் தெரெக்சாய்க்கென்று தனிக் கட்டு போட்டுவிட்டார்.

என் அட்டையில், இந்த மாதம் இரண்டு நாளுக்குப் பதில் நான்கு மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. அந்த மாலை என்ன செய்வதென்று தெரியாமல் சினிமாவுக்குப் போனேன்.

அன்புடன்,
ரிஸ்தி

---

தெரெக்சாய்
18 செப்டம்பர் 2003

தங்கை ரிஸ்திக்கு,

உனக்கும் உன் தலைக்கும் நலம் உண்டாகட்டும். மந்தை மேட்டிலிருந்து இறங்கிவிட்டது. தொப்பியை இன்று காலை ஏழு மணிக்கு மறுபடி அணிந்தேன். உள்துணியை உல்பிகே தைத்து மூடியிருக்கிறாள்.

சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்குக் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உல்பிகே வாசலில் நின்று, "நாலு" என்றாள். என்ன நாலு என்றேன். "அஞ்சு" என்றாள். நான் ஹல்வா கேட்டதும் தல்கத்தைத் தலைவரிடம் அனுப்பிவிட்டாள். தலைவர் வந்தார், பின்னால் கும்தாஸ் அணித்தலைவரும் வந்தார். எங்கள் ஆள் மட்டும் எண்ணினால் செல்லாது என்று அவர் சொன்னதால், ஊருக்கு ஒருவராக இரண்டு பேர் என் எதிரில் உட்கார்ந்து எண்ணினார்கள். இரண்டு பேர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கொட்டாவி விடுவது எளிதல்ல. ஆனாலும் வந்தது. அன்றிரவே குழு கூடியது. தீர்மானத்தின் நகல்:

"செப்டம்பர் 13, மாலை ஐந்து முதல் ஏழு வரை நடுவர் ஒன்பது முறை கொட்டாவி விட்டார். எண்ணிக்கையை இரு ஊராரும் ஒப்புக்கொண்டனர். எனவே ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமைக்கு மாற்றப்படுகிறது."

ஞாயிறு காலை பதினொன்று இருபதுக்கு வேலி வந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, கடிகாரத்தை அமுக்கிவிட்டு, படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று நிமிடம். வந்த வழியே போனது. மருந்து ஒன்று. சாயங்காலம் டீ குடித்தேன்.

செவ்வாய் ஆட்டம் நடந்தது. கும்தாஸ் மூன்று, தெரெக்சாய் இரண்டு. ஐந்தையும் நான் பார்த்தேன்.

நண்பர்கள் மூவரும் அக்டோபரில் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலில் கொஞ்சம் பார்த்துக்கொள்.

அண்ணன்,
ஜானுசாக்

பி.கு.: ஆட்டம் முடிந்து விருந்து நம் வீட்டில். ஆட்டுத் தலையை என் முன்னால் வைத்தார்கள். நான் அறுத்தேன். காதை, வழக்கப்படி இளையவர் பங்காக, தல்கத்துக்குக் கொடுத்தேன்.